குமரிக்கு அறிவியல் பேச வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பேராசிரியர்களே, ஆய்வாளர்களே, அறிவியல் பேச்சாளர்களே,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்து நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் ஊர் மன்றங்களுக்கும் நீங்கள் பேச வருகிறீர்கள். அந்தக் கூட்டங்களுக்கு நாற்காலி போட்டு, மைக் செட்டுக்காரரைத் தேடிப் பிடித்து, நோட்டீஸ் கொடுத்து ஆள் சேர்க்கிறவர்களில் நானும் ஒருவன். வாசகர் வட்டத்துக்காரன். உங்கள் வருகை எங்களுக்குப் பெரிய காரியம். அதனால்தான் மனதில் உள்ளதை மறைக்காமல் எழுதுகிறேன்.

நீங்கள் கருந்துளை பற்றிப் பேசினாலும் சரி, மரபணு பற்றிப் பேசினாலும் சரி, கேள்வி நேரம் வந்தால் இங்கே யாராவது ஒருவர் எழுந்து லெமூரியாவைப் பற்றிக் கேட்பார். குமரிக்குத் தெற்கே ஒரு பெரிய கண்டம் இருந்ததா, அது கடலுக்குள் போய்விட்டதா என்பார். கணபதிபுரத்துக் கடற்கரைக்கே லெமூர் பீச் என்று பெயர். கேட்காமல் எப்படி இருப்பார்கள்?

இதற்கு இரண்டு விதமான பதில்கள் வருகின்றன. ஒன்று, சிரிப்பு. ஒரு கூட்டத்தில் கல்லூரி மாணவன் ஒருவன் கேட்டதும், மேடையில் இருந்தவர் சிரித்து, "அதெல்லாம் கட்டுக்கதை தம்பி, அடுத்த கேள்வி" என்று கையசைத்துவிட்டார். அந்தப் பையன் உட்கார்ந்தான். அதன் பிறகு வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னொன்று, கைதட்டலுக்கான பதில். கண்டங்கள் நகர்வதைத் தமிழன் அன்றே சொல்லிவிட்டான், வெள்ளைக்காரன் இன்றைக்குத்தான் கண்டுபிடித்தான் என்று ஒரே போடு. அரங்கம் அதிரும். முதல் பதில் கேட்டவனை அவமானப்படுத்துகிறது, இரண்டாவது அவனை ஏமாற்றுகிறது. எதுவுமே விளக்காமல் போய்விட்டார்கள் என்ற வகையில் இரண்டும் ஒன்றுதான்.

என் வேண்டுகோள் இதுதான். முடிவை மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள், வழியில் எதை நம்பினார்கள், எதைக் கைவிட்டார்கள், ஏன் கைவிட்டார்கள் என்பதைச் சொல்லுங்கள். நேரம் எடுக்கும்தான். எங்களுக்கு நேரம் இருக்கிறது.

லெமூரியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தமிழர்கள் கற்பனை செய்யவில்லை. 1864-ல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் முன்வைத்த கருத்து அது. ஆப்பிரிக்காவை ஒட்டிய மடகாஸ்கர் தீவில் லெமூர் என்ற குரங்கு போன்ற விலங்குகள் வகை வகையாக இருக்கின்றன. அவற்றின் தூரத்து உறவான தேவாங்கு நம் காட்டில் இருக்கிறது. நடுவில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடல். கண்டங்கள் இருந்த இடத்தை விட்டு நகராது என்றுதான் அன்று ஏறக்குறைய எல்லோரும் நம்பினார்கள். நகராது என்றால் என்ன மிச்சம்? நடுவில் ஒரு நிலம் இருந்திருக்க வேண்டும், பிறகு அது மூழ்கியிருக்க வேண்டும். அன்றைய தரவை வைத்து யோசித்தால் நியாயமான ஊகம்தான். இதைச் சொல்லிவிட்டுத் தொடங்கினாலே கேள்வி கேட்டவர் நிமிர்ந்து உட்கார்வார். தான் முட்டாள்தனமாக எதையும் கேட்டுவிடவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம் அந்த ஊகம் ஏன் விழுந்தது என்பதற்கு வாருங்கள். கண்டத்தின் பாறை லேசானது, தடிமனானது. முப்பது நாற்பது கிலோமீட்டர் தடிமன். பெருங்கடலின் அடித்தரை அடர்த்தியான எரிமலைப் பாறை. அதன் தடிமன் ஏழு கிலோமீட்டர் அளவுதான். அவ்வளவு பெரிய லேசான பாறைத் திரள் அப்படியே அமிழ்ந்து காணாமல் போக வழியில்லை. போயிருந்தால் கடலடியில் அந்தப் பாறை இருக்க வேண்டுமே. தேடிப் பார்த்த இடத்தில் கண்டம் அளவுக்கு எதுவும் இல்லை. சிறு துண்டுகள் உண்டு. சேஷெல்ஸ் தீவுகளின் கிரானைட், இந்தியா விலகிப் போனபோது பின்தங்கிவிட்ட ஒரு துண்டு. அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

1912-ல் ஆல்ஃபிரெட் வெகனர் கண்டங்களே நகர்கின்றன என்றார். அவர் வானிலை ஆய்வாளர், நிலவியல் அவர் துறையே இல்லை. பெரும்பாலானவர்கள் ஏற்கவில்லை. பழைய ஆட்கள் பொறாமையில் எதிர்த்தார்கள் என்று பேச்சாளர்கள் இந்த இடத்தில் கதையைச் சுருக்கிவிடுகிறார்கள். அவ்வளவு எளிதாக விட்டுவிடாதீர்கள். கண்டங்களை நகர்த்த வெகனர் சொன்ன விசைகள் போதவே போதாது என்று இயற்பியலாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் கணக்கு சரியானது. நகர்கிறது என்று சொன்னவரும் சரி, நீ சொல்லும் காரணத்தால் நகராது என்று சொன்னவர்களும் சரி. 1930-ல் கிரீன்லாந்துப் பனியில் வெகனர் இறந்துபோனார். வழக்கு தீராமலே கிடந்தது.

தீர்ந்தது எங்கே தெரியுமா? நம் கடலில். இதை எந்தப் பேச்சாளரும் இங்கே வந்து சொல்லி நான் கேட்டதில்லை, அந்த ஆதங்கம் எனக்கு நிறையவே உண்டு. இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே கடலடியில் கார்ல்ஸ்பெர்க் முகடு என்ற நீண்ட மலைத்தொடர் ஓடுகிறது. 1962-ல் ஓவன் என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் அதன் ஒரு பகுதிக்கு மேலே காந்த அளவீடு எடுத்துக்கொண்டு போனது. அந்த அளவீடுகளை வைத்து ஃபிரெட் வைன், டிரம்மண்ட் மேத்யூஸ் என்ற கேம்பிரிட்ஜ்காரர்கள் இருவர் 1963-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். முகட்டின் நடுவில் பாறைக் குழம்பு மேலே வந்து உறைகிறது. உறையும்போது அதிலுள்ள இரும்புக் கனிமங்கள் அந்த நேரத்துப் பூமியின் காந்தத் திசையைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பூமியின் காந்தப்புலமோ அவ்வப்போது வடக்கு தெற்காகப் புரண்டுவிடும். கடைசியாகப் புரண்டது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. முகட்டில் புதுத் தரை உருவாகி இரண்டு பக்கமும் விலகிக்கொண்டே போனால், இருபுறமும் காந்தப் பட்டைகள் மாறி மாறி, ஒன்றுக்கொன்று ஒத்தபடி இருக்க வேண்டும். அடுத்த சில ஆண்டுகளில் கடலுக்குக் கடல் அளந்து பார்த்தார்கள். அப்படியே இருந்தது. கண்டம் கடலைக் கிழித்துக்கொண்டு போக வேண்டியதில்லை, கடலடியே விரிகிறது. வெகனருக்குக் கிடைக்காத விடை.

தூத்தூர்ப் பகுதி ஆழ்கடல் மீனவர்கள் சுறா பிடிக்க வாரக்கணக்கில் அரபிக்கடலில் கிடப்பவர்கள், இந்தியப் பெருங்கடலின் தியாகோ கார்சியா தீவுப் பக்கம் வரை போய் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. அந்த முகடு இருக்கும் கடலைப் படத்தில் பார்த்தவர்கள் நீங்கள், படகில் பார்த்தவர்கள் அவர்கள். உங்கள் எதிரே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். இவர்களுக்கு அட்லாண்டிக் பெருங்கடலின் படத்தைப் போட்டுக் காட்டிவிட்டுப் போவது என்ன நியாயம்?

செய்து காட்டவும் கையெட்டும் தூரத்தில் பொருள் இருக்கிறது. கன்னியாகுமரி கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் வண்ண மணல் பொட்டலம் விற்பார்கள். அம்மன் கல்யாணம் நின்றுபோனதால் சமைக்காமல் கிடந்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்பது ஊர்க்கதை. ஒரு பொட்டலம் வாங்கி வெள்ளைத் தாளில் கொட்டுங்கள். கருமணலில் பெரும்பகுதி இல்மனைட் என்ற இரும்புள்ள கனிமம். சிவப்பு, கார்னெட். வலுவான காந்தம் ஒன்றைத் தாளுக்கு அடியில் வைத்து நகர்த்தினால் கறுப்புத் துகள்கள் எழுந்து ஊர்ந்து வரும். முன்வரிசைப் பிள்ளைகள் மேசையை மொய்த்துவிடுவார்கள், விடுங்கள். இரும்புள்ள கனிமம் காந்தத்துக்குக் கட்டுப்படும் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்த பிறகு, கடலடிப் பட்டைகளைப் புரியவைக்க உங்களுக்குப் பாதி வேலைதான் மிச்சம்.

அந்தச் சிவப்புத் துகளை இன்னும் கொஞ்சம் பின்தொடரலாம். நம் மாவட்டத்துப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. கார்னெட் அங்கே விளைந்த கனிமம். மேலிருந்ததெல்லாம் அரித்துப் போய், அடியில் இருந்தது வெளியே வந்து, மழையும் ஆறும் கடலும் உடைத்துத் தள்ளியதுதான் இன்று பொட்டலத்தில் இருக்கிறது. இதே வகைப் பாறைகள் இலங்கையில், மடகாஸ்கரில், கிழக்கு அண்டார்க்டிகாவில் இருக்கின்றன. அன்று எல்லாம் ஒட்டிக் கிடந்தன. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. கன்னியாகுமரியிலிருந்து மடகாஸ்கரின் வடமுனை இன்று ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர். கரும்பலகையில் வகுத்துக் காட்டுங்கள்: ஆண்டுக்கு நாலு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். எப்போதும் ஒரே வேகத்தில் போகவில்லை, இடையில் மிக வேகமாகவும் ஓடியிருக்கிறது. இது வெறும் சராசரி. இன்று ஜிபிஎஸ் வைத்து அளந்தால் இந்தியத் தட்டு, அதாவது இந்தியாவைச் சுமந்து நகரும் பெரும் பாறைப் பலகை, ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் அளவில் நகர்கிறது. கணக்கும் கருவியும் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் வந்து நிற்பதைப் பார்க்கும்போது கிடைக்கும் நம்பிக்கை, நீங்கள் எத்தனை முறை "விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்" என்று சொன்னாலும் கிடைக்காது.

சரி, லெமூர் என்ன ஆயிற்று? இங்கேதான் நல்ல பேச்சாளர்கள்கூட அவசரப்படுகிறார்கள். கண்டம் நகர்ந்தது, ஸ்கிளேட்டரின் புதிர் தீர்ந்தது என்று முடித்துவிடுகிறார்கள். அப்படித் தீரவில்லை. நிலங்கள் பிரிந்த காலத்தில் லெமூர்கள் தோன்றியிருக்கவே இல்லை. அவற்றின் முன்னோர்கள் பிற்பாடு ஆப்பிரிக்காவிலிருந்து, வெள்ளத்தில் அடித்து வந்து கடலில் மிதந்த மரக்கூட்டங்களில் ஒட்டிக்கொண்டு மடகாஸ்கருக்குப் போயிருக்க வேண்டும் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் இன்றைய முடிவு. எந்தக் கேள்விக்காக ஒரு கண்டத்தையே கற்பனை செய்தார்களோ அந்தக் கேள்விக்கு விடை வேறு எங்கோ இருந்திருக்கிறது. இதைச் சொன்னால் கூட்டம் குழம்பிவிடும் என்று தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். கதையிலேயே அருமையான இடம் இதுதான்.

சிலப்பதிகாரத்தில் பஃறுளி ஆறும் குமரிக்கோடும் கடலுக்குப் போனதாக வருகிறதே என்று அடுத்தபடியாகக் கேட்பார்கள். அதற்கும் நேர்மையான பதில் உண்டு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். குமரிமுனைக்குத் தெற்கே நம் படகுகள் மீன்பிடிக்கப் போகும் வாட்ஜ் கரைத்திட்டில், 120 மீட்டருக்குக் குறைந்த ஆழமுள்ள பகுதிகள் அன்று தரை. பனி உருகக் கடல் ஏறி, 7,000 ஆண்டுகளுக்கு முன்பு வாக்கில் இன்றைய அளவை நெருங்கிவிட்டது. ஆகவே இந்தக் கரையில் கடல் நிலத்தைக் கொண்டது உண்மை. கொண்டது கண்டத்தை அல்ல, கரையோர நிலத்தை. அந்த நினைவுதான் பாட்டில் இருக்கிறதா என்பதை யாரும் இதுவரை நிறுவவில்லை. இந்த மூன்று வாக்கியங்களையும் ஒன்றாகச் சொல்லுங்கள். கூடவே காலத்தைப் பிரித்துக் காட்டுங்கள். மடகாஸ்கர் பிரிந்தது கோடி ஆண்டுக் கணக்கு, கடல் ஏறியது ஆயிரக்கணக்கு, மனித இனம் தோன்றியது சுமார் 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. கண்டம் நகர ஆரம்பித்ததை எந்த மனிதனும் பார்த்திருக்க முடியாது, கடல் ஏறியதைப் பார்த்திருக்கலாம். இதற்குமேல் யாருக்கும் கோபம் வராது. வந்தாலும் பேசித் தீர்க்கக்கூடிய கோபமாக இருக்கும்.

உவமைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பூமி ஒரு முட்டை, ஓடு உடைந்து துண்டுகளாக மிதக்கிறது என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் வீட்டுக்குப் போகும்போது ஜனங்கள் கொண்டுபோவது என்ன? நம் காலடியில் ஓட்டுக்குக் கீழே எல்லாம் நெருப்புக் குழம்பு, தட்டுகள் அதில் மிதக்கின்றன என்பதைத்தான். தவறு. கீழே 2,900 கிலோமீட்டர் வரை இருப்பது பெரும்பாலும் திடமான பாறை. அது அந்தச் சூட்டில் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மெல்ல நகர்கிறது, திடமாக இருந்துகொண்டே. அது திடம் என்று எப்படித் தெரியும்? நிலநடுக்க அலைகளில் ஒருவகை, பக்கவாட்டில் அசைந்து போவது, திரவத்துக்குள் போகாது. அது இந்தப் பாறைக்குள் போகிறது, அதற்கும் கீழே உள்ள வெளிக்கருவில் நின்றுவிடுகிறது. இந்த அலை வகைகளைப் பிரித்துக் காட்டிய ரிச்சர்ட் ஓல்டாம், இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1897 அசாம் நிலநடுக்கத்தின் பதிவுகளைக் குடைந்துதான் அதைக் கண்டார். முட்டையைச் சொல்ல எடுக்கும் நேரத்தோடு இன்னும் ஐந்து நிமிடம் சேர்த்தால் இதைச் சொல்லிவிடலாம்.

இனி, எங்களுக்கு உண்மையாகவே வலிக்கும் கேள்விக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26 அன்று நிலம் நடுங்கியது சுமத்ரா பக்கம், காலை ஆறரை மணிக்கு. இந்தியத் தட்டு அங்கே வேறொரு தட்டின் அடியில் சொருகிக்கொண்டிருக்கும் விளிம்பு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில் கிழிந்தது. அது எங்களுக்குக் கிழக்கே. குறுக்கே இலங்கை வேறு நிற்கிறது. குளச்சல் கடற்கரையோ தென்மேற்கே பார்த்து இருக்கிறது. அப்படியானால் குளச்சலையும் கொட்டில்பாட்டையும் அலை எப்படி அடித்தது? மணக்குடிப் பாலம் எப்படிப் போயிற்று? வீட்டில் ஆளைப் பறிகொடுத்தவர்கள் கேட்கும் கேள்வி இது. அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் "சுனாமி பயங்கர சக்தி வாய்ந்தது" என்ற பதில். அது அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

விளக்க முடியாத விஷயமா இது? சுனாமியின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர், 10 மீட்டர் ஆழத்தில் 36 கிலோமீட்டர். ஒரே அலையின் ஒரு முனை ஆழத்திலும் மறுமுனை கரையோர மேடையிலும் இருந்தால், மேடையில் இருக்கும் பக்கம் பின்தங்கும், அலை மொத்தமும் கரைப் பக்கம் திரும்பும். அதுமட்டுமல்ல, அந்த அலையின் நீளமே நூறு கிலோமீட்டர்களைத் தாண்டும். இலங்கை அளவுள்ள தீவு அதற்கு முழு மறைப்பாகாது, ஓரங்களைச் சுற்றி வளைந்து பின்பக்கம் வந்துவிடும். அதனால்தான் கேரளத்தில் கொல்லம் பக்கம் ஆலப்பாட்டிலும் சாவு விழுந்தது. மறைவில் இருக்கிறோம் என்பது சுனாமி விஷயத்தில் பாதுகாப்பு ஆகாது. இது தெரிந்திருந்தால் அடுத்த எச்சரிக்கை வரும் நாளில், கிழக்கேதானே என்று மேற்குக் கரைக்காரர் வீட்டிலேயே இருந்துவிடமாட்டார்.

கரை மேடேற மேடேற அலை வேகம் குறைந்து தலை எழும்புவதைத் தினம் பார்க்கிறவர்கள் இவர்கள். பார், அதாவது கடலடிப் பாறைமேடு, எங்கே இருக்கிறது என்று அலை உடையும் இடத்தை வைத்துச் சொல்வார்கள். கரையிலுள்ள மலையுச்சியையும் கோபுரத்தையும் நேர் பிடித்துக் கடலில் இடம் குறிப்பார்கள். ஆழத்துக்கும் அலைக்கும் உள்ள உறவில் பாதி அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. மேடையில் ஏறியதும் உங்கள் முதல் அரைமணியைப் பேசாமல் அவர்களிடம் கேட்பதற்குக் கொடுங்கள். அவர்கள் சொல்வதில் சரியானதைச் சரி என்றும் தவறானதைத் தவறு என்றும் காரணத்தோடு சொல்லுங்கள். பெரியவர் மனம் புண்படுமே என்று தலையாட்டிவிட்டுப் போக வேண்டாம். பெரியவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

கூட்டம் எப்போது வைப்பது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கடற்கரை ஊர்களில் ஞாயிறு மாலை நல்லது, பெரும்பாலும் அன்றைக்குக் கடலுக்குப் போகமாட்டார்கள். குலசேகரம், அருமனைப் பக்கம் என்றால் இரவுக் கூட்டம் வேண்டாம். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன் எழுந்து போக வேண்டும், அவர்களுக்குப் பிற்பகல்தான் தோது. பெண்கள் வரவேண்டும் என்றால் ஏழு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரப் பேச்சு, முக்கால் மணி நேரக் கேள்வி என்று இருக்கட்டும். கேள்வியைச் சுருக்கிப் பேச்சை நீட்ட வேண்டாம். கார்ல்ஸ்பெர்க் முகட்டின் வரைபடம் ஒன்றைக் கொண்டுவாருங்கள், அதில் தூத்தூரும் குளச்சலும் கன்னியாகுமரியும் தமிழில் குறித்திருக்கட்டும். மணல் பொட்டலம் நாங்கள் வாங்கி வைக்கிறோம், காந்தம் உங்கள் ஆய்வகத்திலிருந்து வரட்டும். தேதியை ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டால் மண்டபமும் புரொஜெக்டரும் எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
வாசகர் வட்டத்து நண்பன்,
கன்னியாகுமரி மாவட்டம்